ஊருணி எவ்வளவு தூரம்

செவந்தி வழியில் போகும்போது மட்டும்தான் வளர்ந்தாள். வீட்டில் இருக்கும் நாட்களில் ஒரு நெல்மணி அளவுகூட வளரவில்லை. நகம் வெட்ட வேண்டியிருக்காது, தலைமுடி நீளாது, பல் முளைக்காது. கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் கடலை போட்டிருந்த ஆத்மநாதனுக்கும் அமிர்தவல்லிக்கும் 1931ஆம் வருஷம் மாசி மாதம் பிறந்த தலைப்பிள்ளை அவள். பிறந்த ஊர் இன்னதென்று சொல்ல முடியாது. பிரசவத்துக்காக ஏழாம் மாதமே கட்டுமாவடியில் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய அமிர்தவல்லியை, கடலை பறித்து முடியட்டும், பறித்த கடலை காயட்டும் என்று ஆத்மநாதன் நாள் கடத்தினார். கடைசியில் வண்டி கட்டியபோது பாதி வழியிலேயே வலி கண்டுவிட்டது. வண்டியை நிறுத்தச் சொல்லி அவள் கத்தினாள். நிறுத்தும் இடத்தில் சுடுகாடு இருந்தது. சுடுகாட்டு எல்லையில் பிள்ளை பிறக்கக் கூடாது என்று ஆத்மநாதன் மாட்டை விரட்டினார். சக்கரம் உருண்டுகொண்டிருக்கும்போதே குழந்தை வைக்கோல் மேல் வந்து விழுந்தது. பிறப்புக் கணக்கு எழுதும் மணியக்காரர் எந்த ஊரில் பிறந்தது என்று கேட்டார். வழியில் என்றார் ஆத்மநாதன். வழி என் கணக்கில் சேராது என்று மணியக்காரர் எழுதாமல் விட்டுவிட்டார்.

மகள் வழியில் மட்டும் வளர்வதை முதலில் கண்டுபிடித்தது அமிர்தவல்லிதான். அண்ணன் வீட்டில் மூன்று மாதம் பால் குடித்தும் குழந்தை பிறந்தபடியே கிடந்தது. ஊர் திரும்பி வண்டியை விட்டு இறங்கும்போது, காலையில் ஒரு விரல் தொளதொளவென்று இருந்த அரைஞாண் கயிறு இடுப்புச் சதையைக் கவ்விக்கொண்டிருந்தது. கயிறு நனைந்து சுருங்கியிருக்கும் என்றார் ஆத்மநாதன். அவள் புதுக் கயிறு கட்டினாள். பத்து வாரம் வீட்டில் அது ஒரு விரல் இடைவெளி விட்டே கிடந்தது. கட்டுமாவடிக்குப் போய் வந்ததும் இறுகிவிட்டது. அதற்குப் பிறகு ஆத்மநாதன் குழந்தையை வண்டியின் பக்கக் கம்போடு சேர்த்து நிறுத்தி, தலை எட்டும் இடத்தில் அரிவாளால் ஒரு கோடு கீறினார். நாலைந்து தடவை கீறியதில் கணக்குப் பிடிபட்டது. கட்டுமாவடிக்கு ஒரு தடவை போய்வந்தால் ஒரு மாத வளர்த்தி. வீட்டுக்குள்ளும் தெருவிலும் ஓடியாடுவது சேர்த்தி இல்லை. புறப்படும் இடத்துக்கும் போய்ச் சேரும் இடத்துக்கும் நடுவில் வழி என்று ஒன்று இருக்க வேண்டும்.

ஆகவே அவர்கள் மாதம் ஒரு முறை கட்டுமாவடிக்குப் போனார்கள். அமாவாசையன்று மாட்டை ஏரில் பூட்டுவதில்லை என்பதால் அந்த நாளையே வைத்துக்கொண்டார்கள். விடியுமுன் புளிச்சோறு கட்டி, வண்டியில் வைக்கோல் பரப்பி, ஒரு செம்புத் தண்ணீரை மடியில் வைத்துக்கொண்டு அமிர்தவல்லி ஏறுவாள். 1934இல் சிவசாமி பிறந்த பிறகு இரண்டு பிள்ளைகள். அவன் வீட்டுக் கட்டிலில் பிறந்து, எல்லாப் பிள்ளைகளையும் போல இருந்த இடத்திலேயே வளர்ந்தான். வண்டி தெருமுனை தாண்டுவதற்குள் தண்ணீர் கேட்பான். தண்ணீர் குடித்ததும் வண்டியை நிறுத்தச் சொல்வான். ஒவ்வொரு மதகிலும் வாந்தியெடுப்பான். செவந்தி எதுவும் கேட்க மாட்டாள். வண்டியின் பின்புறம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து வளர்ந்துகொண்டிருப்பாள். புறப்படும்போது கணுக்காலை மூடிய பாவாடை, உப்புக்காற்று முகத்தில் அடிக்கும்போது கொஞ்சம் ஏறியிருக்கும்.

கட்டுமாவடியில் அண்ணன் நல்லதம்பிக்கு மீன்பிடிக்காரர்களுக்குக் கயிறும் தூண்டில் முள்ளும் விற்கும் கடை. அவர் ஒன்றும் சொன்னதில்லை. அவர் மனைவி அழகிக்குத்தான் மூன்றாம் வருஷத்தில் அலுத்துப்போனது. பக்கத்து வீட்டுக்காரி காதில் விழுகிற மாதிரி சொன்னாள்:

"அமாவாசைக்குக் காக்கா வருதோ இல்லையோ, எங்க நாத்தனா வந்துரும்."

"காக்காய்க்கு வச்ச சோத்துல பாதிய எங்களுக்கு வையிங்க மதினி, போதும்," என்றாள் அமிர்தவல்லி, பிள்ளைகளை இறக்கிவிட்டுக்கொண்டே. "இது ஒரு சாண் வளந்துட்டா நான் ஏன் இங்கிட்டு வாரேன்?"

வராத மாதங்களும் இருந்தன. ஐப்பசி கார்த்திகையில் வண்டித்தடம் சேறாகிவிடும், கடலை பறிக்கும் மாதங்களில் வண்டி ஒழியாது. ஒரு வருஷம் மாட்டுக்குக் கோமாரி வந்து ஐந்து மாதம் போயிற்று. இப்படிச் சேர்ந்த பாக்கியில் எட்டு வயதில் செவந்தி நாலு வயதுப் பிள்ளையாக இருந்தாள். ஐந்து வயதுச் சிவசாமி அவளைவிட அரை விரல் உயர்ந்துவிட்டான். கீரமங்கலம் சந்தையில் பொம்மைக்காரன் அவனிடம் பெரிய கிலுகிலுப்பையைக் கொடுத்து, "இந்தா, தங்கச்சிக்குச் சின்னதக் குடு," என்றான். அன்று முழுக்க அமிர்தவல்லி சாப்பிடவில்லை. ஆத்மநாதன் யோசித்து, பாக்கியில் கொஞ்சத்தையாவது ஒரேயடியாகக் கழித்துவிட ரயிலில் ராமேசுவரம் போய்வரலாம் என்றார். மைலுக்கு மைல் வண்டிக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில் நாலைந்து மாதம் வந்தது. ரயிலுக்கு அந்தக் கணக்குப் பொருந்துமா என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அவர்களில் ஒருவரும் அதற்கு முன் ரயில் ஏறியதில்லை.

1939ஆம் வருஷம் வைகாசியில் புதுக்கோட்டையில் இரண்டு முழு டிக்கட்டும் இரண்டு அரை டிக்கட்டும் எடுத்து ஏறினார்கள். காரைக்குடி வருவதற்குள் செவந்தியின் முன்பற்கள் விழுந்தன. பாற்பல்லைச் சாணியில் உருட்டிக் கூரையில் எறிய வேண்டும். ரயிலில் சாணிக்கு எங்கே போவது? அமிர்தவல்லி பல்லைப் பொறுக்கி முந்தானையில் முடிந்தாள். மானாமதுரைக்குள் பதினொரு பல் சேர்ந்துவிட்டது. சிவசாமி ஜன்னலில் எருமைகளை எண்ணி முடித்துத் திரும்பியபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காளின் தோள்தான் அவன் கண்ணுக்கு நேரே இருந்தது. பாவாடை முழங்காலில் நின்றது, ரவிக்கையின் தையல் விட்டது. அமிர்தவல்லி தன்னுடைய மாற்றுப் புடவையை எடுத்து மகளைச் சுற்றினாள். பரமக்குடிக்கு அப்பால் டிக்கட் பரிசோதகர் வந்தார். டிக்கட்டைப் பார்த்தார், செவந்தியைப் பார்த்தார்.

"ஏம்மா, இதுவா அரை டிக்கட்டு?"

"ஏறயில அரைதாங்க," என்றாள் அமிர்தவல்லி. "மானாமதுரை தாண்டித்தான் இப்பிடி ஆயிப்போச்சு."

அவள் முந்தானையை அவிழ்த்துப் பற்களைக் காட்டினாள். பரிசோதகர் அந்தத் தடத்தில் பலவிதமான பொய்களைக் கேட்டவர். இது அவற்றில் எதனோடும் சேரவில்லை. மானாமதுரையிலிருந்து மட்டும் வித்தியாசத்தைப் போட்டு ரசீது எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பாம்பன் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல் ஓடும்போது செவந்தி பெரிய மனுஷியானாள். ஆகவே ராமேசுவரத்தில் அவளும் தாயும் கோயிலுக்குள் போகவில்லை. ஆத்மநாதனும் சிவசாமியும் தீர்த்தமாடி வரும்வரை கடற்கரை மணலில் உட்கார்ந்திருந்தார்கள். செவந்தி மணலில் கோடு கிழித்துப் பாண்டி விளையாட ஆரம்பித்து, புடவை தடுக்கியதும் நின்றுவிட்டாள். அவளுக்கு மனசு இன்னும் நாலிலிருந்து முழுதாக வந்து சேரவில்லை.

திரும்பி ரயிலேற அமிர்தவல்லி ஒப்பவில்லை. பாம்பனில் தோணி பிடித்து மண்டபம் கடந்து, தொண்டி, கோட்டைப்பட்டினம் என்று கரையோரமாகவே ஊருக்கு ஊர் வாடகை வண்டி மாற்றி வந்தார்கள். ஒவ்வொரு வண்டிக்காரனிடமும் மெதுவாக ஓட்டச் சொன்னாள். பன்னிரண்டு நாள் ஆயிற்று. ஐந்து வயதுச் செவந்தி, ஆறு வயதுச் செவந்தி, பதினொன்று வரைக்கும் ஒருத்தியைக்கூட அவள் குளிப்பாட்டித் தலை வாரியதில்லை. அந்த ஏழு பிள்ளைகளையும் ரயிலில் தொலைத்துவிட்டு வந்ததாகவே அவளுக்கு இருந்தது. வீட்டுக்கு வந்ததும் பதினொரு பல்லையும் சாணியில் உருட்டி ஒன்றன்பின் ஒன்றாகக் கூரையில் எறிந்தாள். தாய்மாமன் நல்லதம்பி வந்து பச்சை ஓலையில் குச்சு கட்டினார். அழகி சீர்த்தட்டோடு வந்து, எட்டு வயதுப் பெண்ணைப் பன்னிரண்டு வயதாகப் பார்த்து, தானே முந்தி மஞ்சள் அரைக்க உட்கார்ந்தாள்.

அதோடு தெருவிலேயே இருந்த பள்ளிக்கூடத்துக்குச் செவந்தி போவது நின்றது. ஊரில் மற்றப் பெண்களுக்கும் அப்படித்தான் நிற்கும். பயணமும் நின்றது. இனி இவள் வண்டியில் கால் வைக்கக் கூடாது என்று அமிர்தவல்லி சொல்லிவிட்டாள். நாலு வருஷம் செவந்தி பன்னிரண்டிலேயே இருந்தாள். தாய்க்கு அது பிடித்திருந்தது. தினமும் தலை வாரிப் பூ வைத்தாள், பக்கத்தில் படுக்கவைத்துக் கதை சொன்னாள், வீட்டு வாசலில் பாண்டி ஆடச் சொன்னாள். தொலைந்ததை வட்டியோடு வாங்கிக்கொண்டிருந்தாள். 1943இல் பிறந்த கணக்கும் வளர்ந்த கணக்கும் ஒன்றாயின. அமிர்தவல்லி அதைக் கவனித்தும் கவனிக்காதவள் போல இருந்தாள்.

அந்த வருஷம் அவளுக்குக் காலில் ஆணி வந்தது. குடிதண்ணீர் எடுக்கும் ஊருணி அரை மைல் தொலைவில், கருவேல மரங்களுக்கு அப்பால் இருந்தது. குடத்தைச் செவந்தி எடுத்தாள். வண்டி இல்லை, சக்கரம் இல்லை, அதனால் தாய் தடுக்கவில்லை. இருபது நாளில் செவந்தியின் கண்ணாடி வளையல்கள் கையைவிட்டுக் கழல மறுத்தன. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை போனால் ஒரு நாளுக்கு ஒரு நாள் சரியாக வருகிறது என்று தானாகவே கண்டுகொண்டாள். போகாத நாளுக்கு மறுநாள் நாலு நடை போனாள். ஒரு முறை காய்ச்சலில் ஒரு மாதம் படுத்து எழுந்தவள், பாக்கியைத் தீர்க்கத் தெரு முழுக்கத் தண்ணீர் சுமந்தாள். அந்த மாதம் அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் வெறுங்குடம் இல்லை. இப்படி ஒரு பொண்ணு யாருக்கு வாய்க்கும் என்று எல்லாரும் அமிர்தவல்லியிடம் சொன்னார்கள். அவளும் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

1946ஆம் வருஷம் மாட்டுப் பொங்கலன்று வண்டியைக் கழுவிக்கொண்டிருந்த செவந்தி பக்கக் கம்பில் சாய்ந்து நின்றாள். ராமேசுவரம் போய்வந்த பிறகு கம்பில் கீறிய மேல்கோடு அவள் காதுக்குக் கீழே இருந்தது. அமிர்தவல்லி கையிலிருந்த காவிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"எந்த வண்டியில ஏறுனே?"

"எந்த வண்டியிலயும் ஏறல ஆத்தா. தண்ணிக்குத்தான் போனேன்."

"தண்ணிக்கா?"

"ஒனக்குக் கால் வலின்னுதானே போனேன்."

மறுநாள் அமிர்தவல்லி நொண்டிக்கொண்டே குடத்தை எடுத்தாள். இரண்டு மாதம் அவளே சுமந்தாள். செவந்தி நின்ற இடத்தில் நின்றாள். வீட்டில் குடம் அரையும் குறையுமாகக் கிடந்தது. மூன்றாம் மாதம் ஒரு காலையில் கால் தரையில் ஊன்றவில்லை. அமிர்தவல்லி குடத்தை வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். செவந்தி எடுத்துக்கொண்டு போனாள்.

1948இல் புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய்த் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த மறு வருஷம் பெண் கேட்டு வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தது புதுக்கோட்டையில் தாலுகா கச்சேரியில் உத்தியோகம் பார்க்கும் மாப்பிள்ளை வீடு. வீட்டுக்குள்ளேயே கிணறு, கிணற்றுக்கு இரும்பு உருளை. "ஒங்க மக வாசப்படி தாண்ட வேண்டாங்க, அடுப்படியில இருந்தே எறைச்சுக்கலாம்," என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார். அமிர்தவல்லி மனசுக்குள் கணக்குப் போட்டாள். வாசற்படி தாண்டாத பெண்ணுக்குப் பதினெட்டு முடியாது. நரை கிடையாது, மூட்டு வலி கிடையாது, ஒரு சாவுகூடக் கிடையாது. இனி ஒரு வருஷமும் தொலையாது. வெற்றிலை மாற்றத் தட்டெடுக்க அவள் அடுப்படிக்குப் போனபோது செவந்தி தட்டின் மேல் கை வைத்திருந்தாள்.

"கெணத்து வீடு வேணாம் ஆத்தா."

"கிறுக்கச்சி. இந்தச் சீமையில தண்ணி சுமக்காத பொம்பள எவடி இருக்கா? தவம் கெடந்தாலும் கெடைக்காது."

"எனக்குப் புள்ள பொறந்தா என்னையத் தாண்டிப் போயிரும். தம்பி போனான்ல, அந்த மாதிரி. அது கெழவனாகிக் கண்ண மூடயில, நான் இதே பதினெட்டுல ஒக்காந்து பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

அமிர்தவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ரயிலில் ஏழு பிள்ளைகளைத் தொலைத்தவளுக்கு இது புரியாமல் இல்லை. தட்டைத் திரும்பப் பரணில் வைத்துவிட்டு வெளியே வந்து, பெண்ணுக்கு இஷ்டமில்லை என்று சொன்னாள். கிணறு வைத்த வீட்டை வேண்டாமென்று சொன்ன முதல் தாய் அவள்தான் என்று தரகர் நாலு ஊரில் பேசினார்.

அடுத்து வந்தவர்கள் தெற்கே செம்மண் காட்டு ஊர்க்காரர்கள். மாப்பிள்ளை பெயர் நாகராசு, தாய் முனியாயி. நகை பற்றிப் பேச முனியாயி தொண்டையைச் செருமினாள். அதற்குள் அமிர்தவல்லி கேட்டாள்:

"ஒங்க ஊருல ஊருணி எவ்வளவு தூரங்க?"

முனியாயிக்கு முகம் சுருங்கியது. தண்ணீர் தூரம் என்பதற்காகவே மூன்று இடத்தில் பெண் கொடுக்க மறுத்திருந்தார்கள்.

"பக்கந்தாங்க. இந்தா கூப்பிட்டா கேக்கும்."

அமிர்தவல்லி வாடிப்போனாள். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது. அப்போது நாகராசு தலையைக் குனிந்தபடியே சொன்னான்:

"அப்பிடி இல்லீங்க. அரை மைலு இருக்கும். கோடையில அதுவும் வத்திப்போனா, அடுத்த ஊருக்குப் போகணும். பொய் சொல்லிக் கூட்டிப்போக வேணாம்."

முனியாயி மகனைக் கண்ணால் எரித்தாள். பிறகு, போனது போகட்டும் என்று துண்டை உதறி எழப்போன, கூட வந்திருந்த தன் அண்ணனையும் பார்த்தாள்.

"ஒக்காருங்க," என்றாள் அமிர்தவல்லி. "ஏத்தா செவந்தி, வெத்தலத் தட்டக் கொண்டா."

அந்த வருஷம் ஆவணியில் கல்யாணம் நடந்தது. பெண்ணை மாட்டு வண்டியில் மெதுவாக அழைத்துப் போனார்கள். வழியில் நாலு நாள் வளர்ந்தாள், அதை யாரும் கணக்கில் வைக்கவில்லை. செவந்தி தினமும் இரண்டு நடை போனாள். பிள்ளைகள் பிறந்தன, அவளுக்குப் பின்னாலேயே வளர்ந்தன. மழை பெய்து ஊருணி நிறைந்த வருஷங்களில் அவள் சரியாக ஒரு வயது கூடினாள். வறண்ட வருஷங்களில் அடுத்த ஊர்வரை நடந்து மூன்று வயது கூடினாள். ஒரு கோடையில் மகளைப் பார்க்கப் போன அமிர்தவல்லி, அவளுக்குக் காதோரம் நரைத்திருந்ததைக் கண்டு, தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்துக்கொண்டிருந்த முனியாயியிடம் பழைய கதையை முழுவதும் சொன்னாள். முனியாயி கேட்டு முடித்தாள், ஆச்சரியப்படவில்லை. இந்த ஊரில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு, அடுத்த குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.