தடை சொன்ன மணப்பெண்

1982இல் ஆம்பூரில் டோரதி டீச்சர் வீட்டின் மேல் மட்டும் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் கண்ணுக்குத் தெரியும்படி தூறியது. உலகம் முழுக்க விழுகிற சரக்குதான். மற்ற இடங்களில் தெரியாது. இங்கே சலித்த ரவை மாதிரி ஓட்டு வழியாகப் பளபளவென்று இறங்கி, தரையையும் துளைத்துக்கொண்டு போய்விடும். பெருக்கவும் வேண்டாம், துடைக்கவும் வேண்டாம். தெருக்காரர்கள் கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்துவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள். அறிவியல் டீச்சர் சும்மா இருப்பாளா? தினமும் கவனித்துக் கண்டுபிடித்துவிட்டாள். தூறல் கம்மியானால் சூரியன் எதையோ இந்தப் பக்கம் வீசிவிட்டது, அதுதான் கதிரை மறிக்கிறது என்று அர்த்தம்; சீக்கிரமே ரேடியோ கரகரக்கும், டிரங்க் கால் அறுந்துபோகும், கம்பிகளில் வேண்டாத கரண்ட் பாயும். அதன்பிறகு அவளைக் கேட்டுவிட்டுத்தான் தெருவே ரேடியோவைத் திருப்பியது. நம்பாத ஒரே ஆள் இன்பசேகரன். நிசார் அஹமதின் தோல் டேனரியில் டெலிபோன் போர்டு ஆபரேட்டர்; டோரதிக்கு நிச்சயமான மாப்பிள்ளையும் அவன்தான்.

கிறிஸ்தவக் கோயிலில் அவர்கள் கல்யாண அறிவிப்பான ஓலையை மூன்றாவதும் கடைசியுமாக வாசிக்கவேண்டிய ஞாயிறன்று தூறல் அடியோடு நின்றுபோனது. அதுவரை அப்படி நின்றதே இல்லை. டேனரிக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. ஆராதனை முடிந்த கையோடு இன்பசேகரன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு போர்டில் உட்காரவேண்டும். கோயில் வாசலில் டோரதி கெஞ்சினாள்.

"இன்னிக்கு போவாதீங்க. போர்டே எரிஞ்சிடும்."

"உன் ரவைக்கு பயந்து லீவு போட்டா முதலாளி என்னை வேலையவிட்டு அனுப்பிடுவாரு" என்று அவன் உள்ளே போய்விட்டான். இந்த மடையனை உயிரோடு வைத்துக்கொள்ள அவளுக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது.

போதகர் சாமுவேல் ஓலையை வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை உண்டா என்று கேட்டார். அந்தச் சபையில் யாரும் அதற்குப் பதில் சொன்னதில்லை. அவரும் பாட்டுப் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

மணப்பெண் எழுந்து, "தடை இருக்குது ஐயா" என்றாள்.

தடை சொன்னால் விசாரணை முடியும்வரை பெண்ணும் மாப்பிள்ளையும் வெளியே போகக்கூடாது என்பது சபை விதி. இருவரையும் பின்னறையில் உட்காரவைத்தார்கள். பையன் குடிக்கிறானா, வேறு பெண்டாட்டி இருக்கிறாளா என்று சபைப் பெரியவர்களான மூப்பர்கள் மாறி மாறிக் கேட்டும் டோரதி ஜன்னல் வழியே கம்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபரேட்டரைக் காணோம் என்று தேடிவந்த டேனரி வாட்ச்மேன் சம்பத்தையும் சாட்சிக்கு ஆகும் என்று பிடித்து உட்காரவைத்தார்கள். மதியம் ஊர்க் கம்பிகளெல்லாம் நீலமாகப் பொறிந்தன. ஆளில்லாத போர்டு எரிந்து, ஹெட்போன் உருகி நாற்காலியில் வழிந்துகிடந்தது.

செய்தி வந்ததும் போதகர் களைத்துப்போய், "தடைதான் இன்னாம்மா?" என்றார்.

"நீங்கிப்போச்சு ஐயா."

இன்பசேகரன் இரண்டு காதுகளையும் தொட்டுப் பார்த்துக்கொண்டான். ஓலையை மறுபடி முதலிலிருந்து வாசிக்கவேண்டும் என்றார்கள். முதலில் தலையாட்டியது அவன்தான்.

கல்யாணத்துக்குப் பிறகு தூறலும் டோரதியோடு புருஷன் வீட்டுக்கு இடம் மாறியது. தினமும் காலையில் இன்பசேகரன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பான்.

"இன்னா டோரதி, இன்னிக்கு போவலாமா?"

அவள் கூரையை ஒருமுறை பார்த்துவிட்டு, "போய்ட்டு வாங்க" என்பாள். பிறகுதான் படியிறங்குவான்.