எட்டு வாரம் படுக்க வேண்டிய நாய்

நூற்றிருபது பவுண்டு நாய்க்கு முழங்கால் ஜவ்வு அறுந்தால் செய்வதற்கு மூன்று வழி இருக்கிறது என்று பில்லிங்ஸ் நகரத்து அறுவை மருத்துவர் ரென்னர் சொன்னபோது, ஆட்டுப் பண்ணை நடத்தும் கேலன் ஆஸ்ட்பி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பெரிய தீர்மானம் எதுவானாலும் அவர் தலை காலியாக இருந்தால்தான் எடுப்பார். முப்பது வருடமாக அவரோடு குடித்தனம் நடத்தும் மார்லிஸுக்கு அது தெரியும். அவள் ஓட்டிஸின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். அந்த வெள்ளை நாய் மூன்று காலில் நின்றது. இடது பின்னங்காலின் விரல் நுனி மட்டும் தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தது.

"ஒண்ணு, மூட்டுக்கு வெளியே தடிச்ச நைலான் நரம்பு போட்டு இறுக்கிக் கட்டுறது. சின்ன நாய்க்கு அது போதும்" என்றார் ரென்னர். "ரெண்டாவது, முழங்காலுக்குக் கீழே இருக்கிற எலும்போட முன்பக்கத்தை வெட்டி, முன்னால தள்ளி வைக்கிறது. மூணாவது, அதே எலும்போட தலையை வட்டமா அறுத்து, கொஞ்சம் திருப்பி, பிளேட்டும் ஸ்க்ரூவும் போட்டு நிறுத்துறது. இவனுக்கு நான் மூணாவதைத்தான் சொல்லுவேன்."

"அறுந்தது ஜவ்வு. நல்லா இருக்கிற எலும்பை ஏன் டாக்டர் அறுக்கணும்?" என்றார் கேலன்.

"உங்க டிரக்கைச் சரிவுல நிறுத்தினா என்ன பண்ணுவீங்க?"

"சக்கரத்துக்குக் கல்லு வைப்பேன்."

"அந்தக் கல்லுதான் ஜவ்வு. இந்த எலும்போட தலை பின்பக்கமாச் சரிஞ்சிருக்கு. காலை ஊனுறப்பல்லாம் தொடையெலும்பு அதுல வழுக்கப் பாக்குது. கல்லு தேஞ்சு தேஞ்சு இப்ப உடைஞ்சுபோச்சு. நரம்பு போட்டா, கல்லுக்குப் பதிலா கயிறு, அவ்வளவுதான். மலையில ஆடு தூக்க வர்ற கொயோட்டி ஓநாயை விரட்டுற பய. கயிறு எத்தனை நாள் தாங்கும்? நான் கல்லும் வைக்கல, கயிறும் கட்டல. தரையையே சமமாக்கிடறேன்."

கேலன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். "சமமாக்கிடுங்க."

ரென்னர் ஒரு காகிதத்தை மார்லிஸிடம் நீட்டினார். "என் வேலை பாதிதான், மீதி உங்க வீட்டுல. எட்டு வாரம் ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, படியேறக் கூடாது. சின்ன இடத்துல படுத்தே கிடக்கணும். ஒண்ணுக்குப் போகக்கூடக் கயித்தோடதான். ஒரே ஒரு தாவல் போதும், ஸ்க்ரூ பிடுங்கிக்கும். அப்புறம் ஆயுசுக்கும் நொண்டிதான்."

நொண்டி நாயை வைத்துக்கொண்டு ஆடு மேய்க்க முடியாது. நானூறு தாய் ஆடுகள், ஏப்ரல் முழுக்கப் பிறக்கும் குட்டிகள். ஜூலை முதல் வாரம் அத்தனையும் மலைக்கு ஏறியாக வேண்டும். மலையில் காவலுக்கு இரண்டே நாய்கள், ஓட்டிஸும் பெர்லும். பெர்லுக்கு ஒன்றரை வயது. கொயோட்டியைக் கண்டால் வாலாட்டலாமா குரைக்கலாமா என்று இன்னும் யோசிக்கிற வயது.

அறுவை நன்றாக முடிந்தது. வயிற்றுக்கு அடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கி, ஓட்டிஸை வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். மார்லிஸ் சமையலறை மேசையை ஓரம் கட்டி, வழுக்காமல் இருக்க ரப்பர் பாய் விரித்து, கம்பித் தடுப்பு வைத்திருந்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் கதகதப்பான இடம். ராஜ உபசாரம்.

ஓட்டிஸ் படுக்கவில்லை.

கதவைப் பார்த்து, தலையைத் தொங்கப்போட்டு, மூன்று காலில் நின்றது. மருத்துவர் கொடுத்த தூக்க மாத்திரையைக் கொடுத்தால் கண் சொருகியது, நின்றபடியே ஆடியது, படுக்கவில்லை. இரண்டு நாள் இப்படியே போனது. மூன்றாம் நாள் காலை, ஓடைக்கு அப்பால் கொயோட்டி ஒன்று ஊளையிட்டதும் ஓட்டிஸ் கம்பியின் மேல் பாய்ந்தது. காபிக் கோப்பையைப் போட்டுவிட்டு மார்லிஸ் அதன் மேல் விழுந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

சத்தம் கேட்டு ஓடிவந்த கேலன் வாசலிலேயே நின்றார். "கால்?"

"தெரியல. ஊனலைன்னு நினைக்கிறேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "இவன் ஏன் படுக்க மாட்டேங்கறான்னு இப்பதான் புரியுது. இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்ததே நாமதான்."

உண்மைதான். காவல் நாயை அப்படித்தான் வளர்ப்பார்கள். மனிதர் மேல் ஒட்டிக்கொண்ட நாய் ஆட்டை விட்டுவிட்டு வாசல்படியில் வந்து படுத்துவிடும். எட்டு வாரக் குட்டியாக ஆட்டுப் பட்டியில் விடப்பட்ட நாளிலிருந்து, ஓட்டிஸ் படியில் கால் வைத்த போதெல்லாம் துடைப்பம் பறந்தது. ஆறு வருடத்தில் அது கற்றுக்கொண்ட ஒரே ஒழுக்கம் அதுதான்.

"துடைப்பத்தால மொத்தினது நீ" என்றார் கேலன்.

"ஆமா, நீ தொட்டில்ல போட்டுத் தாலாட்டினே. பேசாம வா, இவனைத் தூக்கு. கொட்டகைக்குக் கொண்டுபோகலாம்."

"கொட்டகைக்கா? தையல் போட்ட காலோட? புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?"

கொட்டகையில் சுவரோரமாக வரிசையாகச் சிறு தடுப்புகள் உண்டு. ஈன்ற ஆட்டையும் குட்டியையும் ஒன்றையொன்று பழகும்வரை ஓரிரு நாள் அதில் அடைத்து வைப்பது எல்லாப் பண்ணையிலும் வழக்கம். மார்லிஸ் மருத்துவருக்குப் போன் போட்டாள். நடந்ததை மறைக்காமல் சொல்லி, அந்தத் தடுப்பு ஒன்றில் ஓட்டிஸை வைக்கலாமா என்று கேட்டாள்.

"நீள அகலம்?" என்றார் ரென்னர்.

"அஞ்சடிக்கு அஞ்சடி."

"ஆடு முட்டுமா?"

"ரெண்டு பக்கமும் ஆடு. நடுவுல இவனுக்குன்னு தனித் தடுப்பு."

"நான் குடுத்த காகிதத்துல இது இல்லையே."

"நீங்க காகிதம் எழுதினது வீட்டு நாய்க்கு, டாக்டர்."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "சரி. வைக்கோல் தினம் மாத்துங்க. தையல் நனையக் கூடாது. நாளைக்குக் காலையில முதல் வேலையா எக்ஸ்ரேவுக்குக் கூட்டிட்டு வாங்க, பாய்ஞ்சதுல ஏதாவது நகர்ந்திருக்கான்னு பார்க்கணும்."

புது வைக்கோலில் இறக்கிவிட்டதும் ஓட்டிஸ் இடப்பக்கக் கம்பியை மோந்தது. அந்தப் பக்கம் காலையில்தான் ஈன்ற ஆடு. அதன் காலடியில் ஈரம் காயாத இரட்டைக் குட்டிகள். வலப்பக்கம் மோந்தது. பிறகு நல்ல காலை மடக்கி, பெருமூச்சு விட்டு, பாரம் இறக்கி வைத்தவன் போலப் படுத்தது. கம்பிக்கு அந்தப் பக்கத்துக் குட்டி ஒன்று வந்து அதன் முதுகோடு ஒட்டிக்கொண்டது. மத்தியானம்வரை ஓட்டிஸ் அசையவில்லை. மார்லிஸ் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஈனும் ஆடுகள் காத்திருந்ததால்தான் எழுந்தாள்.

மறுநாள் எக்ஸ்ரேயில் ஒரு ஸ்க்ரூவும் நகர்ந்திருக்கவில்லை.

அதன் பிறகு புதிதாக ஈன்ற ஆடு எதுவானாலும் ஓட்டிஸுக்குப் பக்கத்துத் தடுப்பில்தான் வந்தது. கொயோட்டி கத்தினால் படுத்த இடத்திலிருந்தே குரைத்தது. எழுந்து ஓட வேண்டும் என்று அதற்குத் தோன்றவில்லை. காக்க வேண்டியது கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. ஒரு நாளைக்கு ஐந்து முறை கேலன் சிவப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதைக் கொல்லைக்கு நடத்திப் போவார். கழுத்தில் கயிறே அறியாத நாயும், நாய்க்குக் கயிறே கட்டாத மனிதரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நடப்பார்கள். தபால்காரி ட்ரூடி வண்டியை நிறுத்தி, "என்ன கேலன், பணக்கார வீட்டு நாயா ஆக்கிட்டீங்களே! அடுத்து ஸ்வெட்டர் பின்னிப் போடுவீங்களா?" என்றாள்.

"அளவு எடுத்தாச்சு. உனக்கும் சேர்த்துப் பின்னச் சொல்றேன்" என்றார் கேலன்.

ஜூன் தொடக்கத்தில் ரென்னர் புதிய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துப் பென்சிலால் காட்டினார். அறுத்த இடத்தில் கோடே தெரியவில்லை. "கூடிடுச்சு. இன்னும் ஒரு மாசம் கயித்தோட நடை, கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டிக்கிட்டே போங்க. அப்புறம் மலைக்கு அனுப்பலாம். ஆனா ஒண்ணு, ஒரு கால் போன நாய்ல பாதிக்குப் பாதி, மறு காலும் போகும். எடை ஏற விடாதீங்க."

"போனா எங்க வரணும்னு தெரியும்" என்றாள் மார்லிஸ்.

ஜூலை முதல் வாரம், மலைப் புல்வெளியில், அவள் கயிற்றின் கொக்கியைக் கழற்றினாள். ஓட்டிஸ் ஓடவில்லை. மந்தையின் ஓரமாக நிதானமாக நடந்தது. நான்கு காலும் சமமாக ஊன்றின. பாறைகளில் மூத்திரம் விட்டு எல்லை அடையாளம் வைத்தது. பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த பெர்லை ஓர் உறுமலில் மந்தையின் மறுபக்கத்துக்கு அனுப்பியது. பிறகு மேட்டில் ஏறி, எல்லா ஆடும் தெரிகிற இடத்தில் படுத்தது.

"கிளம்பலாமா?" என்றார் கேலன்.

"என்ன அவசரம்? ரொட்டியை எடு, சாப்பிட்டுட்டுப் போகலாம்."