எட்டு மணிக்குள் ஒரு பூச்சி

இரவு எட்டு மணிக்குள் மருந்தடிக்கும் மாடக்கண்ணுக்குச் சொல்லியாக வேண்டும். நாளைக் காலையில் அவன் ஸ்பிரேயரோடு நாகலாபுரம் வருவதா, இல்லை கடம்பூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விடுவதா? போனால் திரும்பப் பத்து நாள். அதற்குள் படைப்புழு இறங்கினால் பாண்டிச்செல்வியின் நாலு ஏக்கர் மக்காச்சோளத்தில் மிஞ்சுவது விளக்குமாற்றுக் குச்சிதான்.

முடிவைச் சொல்லவேண்டியவர் அவளுடைய அண்ணன் வன்னியபெருமாள். கோவில்பட்டி ஜவுளிக்கடையில் முப்பத்தெட்டு வருடம் கல்லாவில் உட்கார்ந்து ஓய்வுபெற்றவர். கள்ளநோட்டு பார்க்கும் பழைய ஊதா விளக்கைப் பவர் பேங்கில் மாட்டி, கடலைமிட்டாய் டப்பா மூடியைக் கூரையாக்கி, அந்துப்பூச்சியை அழைக்கும் விளக்கொன்று செய்திருந்தார். இருநூற்றெழுபது ரூபாய்தான் செலவு. மடக்கினால் மஞ்சப்பைக்குள் அடங்கும். ஏற்றினால் இலங்கைப் பூச்சிகூடக் கடல் தாண்டி வரும் என்று பஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்திருந்தார். படைப்புழுவின் அந்துப்பூச்சி வந்தால் மருந்து, வராவிட்டால் வேண்டாம்.

ஏழு மணிக்குச் சோளக்காட்டுக்குள் இரண்டு கம்பு நட்டு, வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டி, முன்னால் விளக்கைத் தொங்கவிட்டார். வேட்டி நிலவைப்போல ஜொலித்தது. பூச்சியைத்தான் காணோம்.

"என்னண்ணே, ஒரு கொசுகூட எட்டிப் பாக்கல?"

"பொறுட்டி. சேதி போய்ச் சேரணும்லா."

ஏழரை ஆயிற்று. அவர் விளக்கை ஒருதரம் அணைத்து மறுபடி ஏற்றிப் பார்த்தார். பூச்சி இல்லையா, விளக்கு சரியில்லையா? வாய் திறந்து கேட்க ஆளில்லை, செய்தவரே அவர்தான்.

ஏழு நாற்பதுக்குப் பாண்டிச்செல்வி போனை எடுத்தாள். "வேண்டாம்னு சொல்லிருதேன். சரிதானண்ணே?"

வெறும் வேட்டியை இன்னொரு தடவை பார்த்தார். "சொல்லு" என்றார்.

சொல்லி முடித்து, வேட்டியை அவிழ்க்கப் போனவள் அடுக்காக நாலு தும்மல் போட்டாள். "இது எங்கன இருந்த வேட்டிண்ணே?"

"இரும்புப் பெட்டியில. கல்யாணம் காட்சிக்குக் கட்டுத வேட்டிட்டி. ஒரு பூச்சி அண்டாம வச்சிருக்கேன், எட்டு அந்துருண்ட போட்..."

பேச்சைப் பாதியில் விட்டு வேட்டியை மோந்து பார்த்தார்.

"நல்லா அழைச்சீங்க, விருந்தாளிய" என்றாள் அவள்.

வன்னியபெருமாள் இடுப்பு வேட்டியை உருவிக் கம்பில் கட்டினார். பட்டாபட்டி டவுசரோடு கைகட்டி நின்றார். மூன்று நிமிடத்தில் ஒன்று வந்து ஒட்டியது. சாம்பல் சிறகு, நுனியில் வெள்ளைத் திட்டு; படைப்புழுப் பூச்சியேதான். அப்புறம் விளாத்திகுளம் தாலுகாவே திரண்டு வந்தது. வேட்டிக்குக் கரை எங்கே என்று தெரியவில்லை. சந்தோஷத்தில் கைதட்டப் போனவர், தங்கச்சி முகத்தைப் பார்த்துக் கையை இறக்கினார்.

அவள் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள்; வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்தான். மூன்றாம் தடவை எடுத்தான்.

"கடம்பூர்க்காரவியளுக்குச் சரின்னுட்டேனே, மதினி."

வன்னியபெருமாள் போனைப் பிடுங்கினார். "எய்யா, தப்பு எம்மேல. பெட்டி வேட்டியக் கட்டிப்புட்டேன்."

மாடக்கண்ணுக்கு வேட்டிக் கதை எதுவும் விளங்கவில்லை. "கடம்பூருக்குப் போறதுக்கு முன்ன, விடிய அஞ்சு மணிக்கு வாரேன் அண்ணாச்சி. மருந்து கலக்க டிரம்முல தண்ணி நிரம்பியிருக்கணும். இல்லன்னா நிக்கமாட்டேன்."

கட்டியிருந்த வேட்டியைப் பூச்சிகளுக்கே விட்டுவிட்டு, பெட்டி வேட்டியைச் சுற்றிக்கொண்டு குடத்தைத் தூக்கினார். டிரம் நிறையும்வரை ஒரு கொசுகூட அவரைக் கடிக்கவில்லை. பாண்டிச்செல்விதான் பத்தடி தள்ளியே நடந்தாள், தும்மியபடி.