முனியாண்டியோடு ஒரு மனை விற்பனைக்கு

முனியாண்டியை உருவாக்கியவன் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை, வேறு வழியில்லாமல் செய்தேன்.

பிரிஞ்சாங் மலையூரில் ஒரு தாமான் குடியிருப்பின் கடைசி வரிசையில் எனக்கு ஒரு காலி மனை. தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் வெந்து சேர்த்த சேமநிதியில் வாங்கியது. வாங்கிய பிறகுதான் வீடு கட்டவும் காசு வேண்டும் என்பது என் மண்டையில் ஏறியது.

காலியாகக் கிடந்தால் சும்மா விடுவார்களா? இடப்பக்கத்துச் சீன வீட்டு ஆ மோய் ஆன்ட்டி கோழி இறகைக் கொட்டினார். வலப்பக்கத்து மலாய் வீட்டு பாக் டின் பழைய மெத்தையைப் போட்டார். எதிர்வீட்டு நேப்பாளத் தோட்டத் தொழிலாளர்கள் சார்டின் டின்னை வீசினார்கள். மூலைவீட்டுத் தர்மா, நம் ஆள், உடைந்த கக்கூஸ் தொட்டியையே கொண்டுவந்து இறக்கினான். இன ஒற்றுமைக்கு எங்கள் தெருவில் ஒரு குறையும் இல்லை. குப்பை போடாதீர் என்று போர்டு வைத்தேன். மறுநாள் அதன்மேல் பாம்பர்ஸ் தொங்கியது.

அப்புறம்தான் இந்த நாட்டில் நம்மவர்கள் செய்யும் வைத்தியத்தைச் செய்தேன். என் மனைவி சரோஜாவின் அம்மிக் குழவியைத் தூக்கிப்போய், பாதி மண்ணில் புதைத்து நிறுத்தி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் மூன்றை முன்னால் வைத்தேன். ஒரு முனை மூக்குடைந்திருந்தது. அதை மேலே வைத்ததும் முனியாண்டிக்கு முகமே வந்துவிட்டது.

அந்தக் குழவி அவள் தாய்வீட்டுச் சீர். அந்த அம்மியும் குழவியும் தவிர அவர்களால் வேறொன்றும் கொடுக்க முடியவில்லை. சாப்பிட உட்காரும்போதெல்லாம், "உங்கப்பன் எனக்குக் கல்லத்தானே குடுத்தான்" என்பேன். முப்பது வருடமாக அதே கிண்டல். அவள் ஒருநாளும் சிரித்ததில்லை. குழவி காணோம் என்று அவள் தேடியபோது யாரோ தூக்கிவிட்டார்கள் என்று சொல்லி, ஒரு பிளெண்டர் வாங்கிக் கொடுத்தேன். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்த முட்டாள் நான்.

ஒரே வாரத்தில் குப்பை நின்றது. தர்மா கக்கூஸ் தொட்டியைத் தானே திரும்ப எடுத்துப்போய், பரிகாரமாகச் சாமிக்குத் தகரக் கூரை போட்டான். ஆ மோய் ஆன்ட்டி ஆரஞ்சுப் பழமும் ஊதுவத்தியும் வைத்தார். நாலு நம்பர் லாட்டரியில் ஏதோ விழுந்ததாம், சிவப்புத் துணியும் வந்தது. பாக் டின் கும்பிடவில்லை, ஆனால் மெத்தையை ஆள் வைத்து அப்புறப்படுத்தினார். மனைக்காரன் நான் கும்பிடாவிட்டால் சந்தேகம் வருமே என்று வெள்ளிக்கிழமைதோறும் சரோஜாவோடு போய் கைகூப்பி நிற்பேன். கண்ணை மூடி நிற்கும் அவளுக்குத் தோள் குலுங்கும். அருள் வந்துவிடப்போகிறதே என்று எனக்கு ஒரே பயம்.

மூன்று வருடம் இப்படி ஓடியது. எனக்கு அறுபது ஆகி வேலையிலிருந்து ஓய்வு வந்தது. மாதக் கடைசிக்குள் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லித் தோட்டத்துத் துரை கடிதம் கொடுத்துவிட்டார். மனையை விற்றால்தான் கம்போங் ராஜாவில் பார்த்து வைத்த சின்ன வீடு கிடைக்கும். இல்லாவிட்டால் நானும் சரோஜாவும் சாமான் செட்டோடு தெருவில்தான்.

புரோக்கர் திருமாறன் நான்கு பேரைக் கூட்டிவந்தான். நால்வரும் கூரையைப் பார்த்தார்கள், சாமியைப் பார்த்தார்கள், வந்த காடியிலேயே திரும்பினார்கள்.

ஐந்தாவதாக வந்தவர் கியா பார்மில் ஸ்ட்ராபெரி போடும் முதலாளி, லிம் தவுக்கே. இடம் பிடித்துவிட்டது. "நாளைக்குக் காலையில நீயே உன் கையால சாமிய எடு. நான் பாக்கணும். உனக்கு ஒண்ணும் ஆகலன்னா வாங்கிக்கிறேன்" என்றார்.

மறுநாள் தெருவே கூடியிருந்தது. நான் குனிந்ததும் தர்மா பாய்ந்து வந்து கையைப் பிடித்தான்.

"இருளப்பண்ணே, முனிகிட்ட வெளையாடாதீங்க லா! ரத்தம் கக்கிச் சாவீங்க!"

ஆ மோய் ஆன்ட்டி அழவே ஆரம்பித்துவிட்டார். தவுக்கே மெல்லக் காடிச் சாவியை எடுத்தார். வீடு கைநழுவுவது என் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

"சாமியும் இல்ல, பூதமும் இல்ல!" என்று கத்தினேன். "இது எம்பொஞ்சாதியோட அம்மிக் கொழவி! நாந்தான் திருடியாந்து நட்டேன்!"

ஒருவரும் நம்பவில்லை. "பாத்தீங்களா, அண்ணனுக்குப் புத்தியப் பேதலிக்க வச்சிருச்சு" என்றான் தர்மா. நான் பயந்துபோய்ச் சரோஜாவைப் பார்த்தேன்.

அவள் நிதானமாகச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். கல்லை இரண்டு ஆட்டு ஆட்டி உருவி எடுத்தாள். முந்தானையால் மஞ்சளைத் துடைத்து உடைந்த மூக்கைத் தவுக்கேயிடம் காட்டினாள்.

"எட்டு வயசுல நான் கீழ போட்டு ஒடச்சது. எங்கம்மாகிட்ட வாங்குன அடி இன்னும் மறக்கல."

தவுக்கே விழுந்து விழுந்து சிரித்தார். அங்கேயே முன்பணம் எழுதிக் கொடுத்தார். ஆ மோய் ஆன்ட்டி மட்டும் தான் வைத்த ஆரஞ்சைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

திருமாறன் காடியில் திரும்பும்போது குழவி என் மடியில் கிடந்தது. கனம் தாங்கவில்லை.

"ஒனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"மொத வெள்ளிக்கிழமையே."

"அப்புறம் ஏன்டி மூணு வருசமா வாயத் தொறக்கல?"

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அது அருள் இல்லை, சிரிப்பு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"முப்பது வருசமா எங்கப்பா குடுத்த கல்லுன்னு நக்கல் பண்ணீங்க. அந்தக் கல்லு முன்னாடி வாராவாரம் கைய கூப்பி நிக்கிறீங்க. நான் எதுக்குங்க சொல்லணும்?"

திருமாறன் காடியை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் முகத்தை வைத்துச் சிரித்தான். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

லயத்து வாசலில் இறங்கியதும் குழவியைத் தோளில் ஏற்றிக்கொண்டேன். சரோஜா வழியை மறித்து நின்றாள்.

"இப்ப யாரும் பாக்கல. ஒரு தடவ கும்புட்டுட்டு உள்ள கொண்டு போங்க."

கீழே வைத்துக் கும்பிட்டேன்.