மூடிய மில்லின் சங்கு

போலந்திலிருந்து கணவன் கஜேந்திரன் வீடியோவில் காட்டிய வீடுகளைப் பார்த்ததும் விஜயகலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அட, இது நம்ம லயமாச்சேங்க!"

சிவப்புச் செங்கல், இரண்டு மாடி, ஜன்னலில் லேஸ் திரை, எல்லாம் இருந்தது. இருந்து என்ன? வரிசையாக ஒரே மாதிரிக் கதவு, ஒரே மாதிரிப் படி, கடைசியில் ஒரு புகைபோக்கி. இலங்கையில் நிவித்திகலைத் தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் பிறந்து, அதே தோட்டத்திலேயே வாழ்க்கைப்பட்டவளை அவ்வளவு லேசில் ஏமாற்றிவிட முடியுமா?

"லயமேதான். ஒரு தொர துணி மில்லு கட்டி, ஊரையே கட்டியிருக்கான். வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சர்ச்சு, எல்லாம் மில்லுக்குச் சொந்தம். வேலைய விட்டா வீட்ட விடணும்."

"இப்ப?"

"மில்ல மூடி ரொம்ப காலமாச்சு. வீட்டயெல்லாம் கொஞ்சக் காசுக்கு அந்தந்தச் சனம் பேர்லயே எழுதிக் குடுத்துட்டாங்க. கீழ் வீட்டம்மா அங்க நெசவு செஞ்சவங்கதான். இப்ப வீட்டுக்காரி."

விஜயகலாவுக்கு வயிறு எரிந்தது. இந்தப் பாழாய்ப்போன தோட்டத்தை மட்டும் ஏன் இன்னும் மூடாமல் வைத்திருக்கிறார்கள்? மூடினால் கஞ்சிக்கு என்ன வழி என்பதெல்லாம் அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

"ஒனக்கு விசா வந்துருச்சு கலா. இன்னும் எவ்வளவு நாள் யோசிப்ப?"

"நான் போயிட்டா தோட்டத்துல பேர வெட்டிருவாங்க. காம்பராவ எடுத்துருவாங்க. அத்தைய எங்க வைக்கிறது, சொல்லுங்க."

அவளுடைய மாமியார் தங்கம்மா பக்கவாதம் வந்து கட்டிலோடு கிடக்கிறாள். வீட்டில் தோட்டத்து வேலைக்குப் பேர் பதிந்த ஆள் விஜயகலா ஒருத்திதான். ஆள் வேலைக்குப் போகும்வரைதான் அந்த ஒற்றை அறைக் காம்பரா. அதனால் காய்ச்சலோ மழையோ, விடிகாலையில் தோட்டத்துச் சங்கு ஊதியதும் அவள் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கொடுத்தாக வேண்டும். பெற்ற மகன் அவன். யோசனை மட்டும் இவள் சொல்ல வேண்டுமாம்!

"சரி, சரி. பாப்போம்" என்றான் கஜேந்திரன். இதையேதான் போன வாரமும் சொன்னான்.

அப்போது போனுக்குள்ளிருந்து சங்கு ஊதியது. இங்கே மழை இருட்டிய பின்னேரம். அங்கே அப்போதுதான் நடுப்பகல். விஜயகலாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என்னாங்க அது?"

"மில்லு சங்குதான். மூடினாலும் ஒரு ஞாபகத்துக்கு மத்தியானத்துல ஊதுறாங்க."

பின்னால் கட்டில் கிரீச்சிட்டது. தங்கம்மா போர்வையைத் தள்ளிவிட்டு, நல்ல கையால் சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள். ஆணியில் தொங்கிய கொழுந்துக் கூடையின் கயிறு கைக்கு அகப்பட்டதும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எந்திரி புள்ள..." கோணிய வாயிலிருந்து சொற்கள் குழறி வந்தன. "பெரட்டு... பேர வெட்டிருவான்..."

"ஐயோ அத்தை, இது நம்ம சங்கு இல்ல. படுங்க."

போனைக் கட்டிலில் போட்டுவிட்டு, விஜயகலா அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தாள். "கலா, கலா" என்று கஜேந்திரன் கூப்பிட்டுக்கொண்டேயிருந்தான். சங்கு ஓய்ந்துவிட்டது. கிழவி கயிற்றை விடவில்லை.