யாரையும் விட்டுப் போவதில்லை

அந்த சைக்கிள் கழகத்துக்கு ஒரு கொள்கை உண்டு: யாரையும் விட்டுவிட்டுப் போவதில்லை. தலைவர் அட்ரியன் அதைத் தன் சட்டையின் முதுகில் கொட்டை எழுத்தில் அச்சடித்து வைத்திருந்தார். அதைப் படிக்கிற தூரத்தில் நான் ஒருநாளும் இருந்ததில்லை என்பது வேறு விஷயம்.

மூன்று சவாரி கூடப் போனால்தான் ஒருவரை உறுப்பினராகச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். அன்று எனக்கு மூன்றாவது. பக்கத்துத் தெருவில் இருந்த தங்கை ஸ்பெயினுக்குக் குடிபோன பிறகு எனக்குப் பேச ஆளில்லை. வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் "வரேன்" என்று சொல்லிவிட்டு வந்தால், அடுத்து வாய் திறப்பது திங்கட்கிழமைதான். அதனால் இந்தக் கூட்டத்துக்கு என்னைப் பிடித்தே ஆக வேண்டியிருந்தது.

அவர்கள் எனக்காகக் காத்திருக்கும் அழகே தனி. ஒவ்வொரு முச்சந்தியிலும் நிழலில் சாய்ந்து, வாழைப்பழம் தின்று, அரட்டையும் அடித்து முடிக்கிற நேரத்தில் நான் நாக்குத் தள்ள வந்து சேர்வேன். ஒரு காலைக்கூடத் தரையில் ஊன்றியிருக்க மாட்டேன், அதற்குள் குரல் வரும்.

"வந்துட்டீங்களா லொரைன்? பிரமாதம்! அப்ப எல்லாரும் கிளம்பலாம்!" என்பார் அட்ரியன்.

ஓய்வெடுத்தவர்கள் எல்லாம் பறப்பார்கள். எடுக்காத நான் பின்னால்.

"சிரமமா இருந்தா சொல்லணும்," என்பாள் கழகச் செயலாளர் பிலிப்பா, போகிற போக்கில்.

"அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமே இல்லை," என்பேன். ஆங்கிலேயர்களான எங்களிடம் இதற்கு வேறு பதில் கிடையாது. மாரடைப்பு வந்தாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் விழுவோம்.

பர்லி கிராமத்துக்குப் போகும் காட்டுச் சாலையில் அதிசயமாக அவர்களை எட்டிப் பிடித்தேன். காரணம், அந்தக் காட்டில் அவிழ்த்துவிட்டபடி திரியும் மட்டக்குதிரைகளில் ஒன்று. சாலைக்குக் குறுக்கே ஆடாமல் அசையாமல் நின்றது. அதன் குட்டி எதிர் ஓரத்தில். நாங்கள் கேக் சாப்பிடப் போய்க்கொண்டிருந்த பர்லித் தேநீர்க் கடையோ நாலு மணிக்கு மூடிவிடும்.

"இறங்கித் தள்ளிக்கிட்டே இந்த ஓரமாப் போயிடலாமே," என்றேன். "குட்டி அந்தப் பக்கம் நிக்குது."

"முப்பது வருஷமா இந்தக் காட்டுல ஓட்டறேன் லொரைன். இதுங்களுக்கு என்னை நல்லாத் தெரியும்."

கையைத் தட்டிக்கொண்டே அட்ரியன் தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் சைக்கிளை விட்டார். குதிரை காதைப் பின்னுக்கு மடித்தது. ஒரே உதை. பின்சக்கரம் பொரித்த அப்பளமாக வளைந்தது. அட்ரியன் முட்புதருக்குள் போய்விட்டார். குதிரைக்கு அவரை நன்றாகத்தான் தெரிந்திருந்தது.

"அடி பட்டுச்சா?" என்று கேட்டாள் பிலிப்பா.

"இல்லை, முள்ளு மட்டும்தான்," என்றார் அவர், புதருக்குள்ளிருந்தே. "மனைவி காரோட வர ரெண்டு மணி நேரம் ஆகும்."

எல்லோரும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"லொரைன், நீங்க எப்படியும் மெதுவாத்தானே வருவீங்க," என்றாள் பிலிப்பா கனிவாக. "அவர்கூட இருந்துடுங்களேன். உங்களுக்கு ஒண்ணும் நஷ்டமில்லையே."

"இருந்தாங்கன்னா இன்னிக்கே உறுப்பினராச் சேர்த்துடலாம்," என்றார் அட்ரியன், தொடையில் முள் பிடுங்கியபடி. "என்ன சொல்றீங்க?"

எல்லாக் கையும் உயர்ந்தது. ஒருவர் மிதியில் கால் வைத்தபடியே தூக்கினார்.

வாரக்கணக்காக நான் ஏங்கியது இதற்குத்தான். 'சரி' என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"கேக் எப்படி இருந்துச்சுன்னு அடுத்த ஞாயிறு கண்டிப்பாச் சொல்றோம்," என்றாள் பிலிப்பா.

நுனிக்கு வந்த 'சரி'யை விழுங்கிக்கொண்டேன்.

"துணைக்கு ஆளில்லைன்னுதான் உங்ககிட்ட வந்தேன்," என்றேன். "ஆனா அந்த அளவுக்கு ஒண்ணும் ஆளில்லாமப் போயிடலை."

சைக்கிளைத் திருப்பினேன். "நீங்க போங்க, நான் இருக்கேன்", "சேச்சே, அதெப்படி, நீங்க போங்க" என்று முதுகுக்குப் பின்னால் மகா மரியாதையாகச் சண்டை தொடங்கியிருந்தது. யாரும் போன மாதிரியும் தெரியவில்லை, இருக்க ஒப்புக்கொண்ட மாதிரியும் தெரியவில்லை.

நான் நினைத்த இடத்திலெல்லாம் இறங்கி உட்கார்ந்து, சாவகாசமாக வீடு வந்தேன். வீடு எப்போதும் போல ஓசையில்லாமல் இருந்தது. தேநீர் போட்டுக்கொண்டு, மேசையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அதற்கு யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை.