அறையைக் குளிரவிடாத புத்தகங்கள்

பல் டாக்டர் வீட்டு முன்னறையை எந்த ஏசியாலும் குளிர வைக்க முடியாமல் போனதற்குக் காரணம், சோபாவுக்குப் பின்னால் விழுந்து கிடந்த ஒரு குழந்தைகள் படப் புத்தகம். அது தெரிவதற்குள் டாக்டர் இரண்டு ஏசி மாற்றிவிட்டார். கேஸ் சரியாக இருந்தது, கம்ப்ரஸர் ஓடியது, வடிகட்டியில் தூசி இல்லை, ஆனாலும் அறை அடுப்பங்கரை மாதிரி கொதித்தது. ஏசி பழுது பார்க்க வந்த மெக்கானிக் சோபாவை நகர்த்தி, கையை விட்டு, சுட்டுக்கொண்டு, கடைசியில் இடுக்கியால் அதை வெளியே இழுத்தாள். பல் விளக்க மாட்டேன் என்று அடம்பிடித்த ஒரு முதலையின் கதை. காத்திருக்கும் பிள்ளைகள் அழாமல் இருக்கட்டும் என்று டாக்டரின் அப்பா காலத்தில் வாங்கிப் போட்டது. அச்சில் இல்லாமல் போய் நாற்பது வருஷம் ஆகியிருக்கும். "ஓ, இதுதானா?" என்றார் டாக்டர். "இது எப்பவுமே சுடும்மா. சின்ன வயசுல குளிர் நாள்ல காலுக்கு அண்டை கொடுத்துட்டுத் தூங்குவேன்." புத்தகம் சுடுவது அவருக்குப் பெரிதாகப் படவில்லை, இரண்டு ஏசியை வீணாக வாங்கியதுதான் வலித்தது.

மெக்கானிக் அவர் சொன்னதைக் கேட்கவில்லை, முதலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலைக்குப் புருவம் கிடையாது. ஆனால் இந்த முதலைக்கு இருந்தது, அதிலும் இடப்பக்கத்துப் புருவம் மட்டும் 'அப்படியா சங்கதி?' என்று கேட்பதுபோல் மேலேறி நின்றது. அதே முதலை அவள் வீட்டு மாவு டப்பாவில் இருந்தது. அவள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன ஒவ்வொரு நோட்டின் அட்டையிலும், காய்ச்சலில் கிடந்தபோது மருந்து பாட்டிலின் மேலும், அவளுடைய அம்மாவின் கையால் அதே முதலை அதே புருவத்தோடு உட்கார்ந்திருந்தது. அட்டையின் கீழே 'கதையும் படமும்' என்று போட்டு, அதற்கும் கீழே தடித்த எழுத்தில் அவளுடைய தாய்மாமாவின் பேர் இருந்தது.

மெக்கானிக் கேட்டு வாங்கி வந்த புத்தகத்தைப் பார்த்து அம்மா சந்தோஷப்பட்டாள். "அட, நான் போட்டதாச்சே" என்று, தொலைந்த கரண்டி கிடைத்ததைப்போல் சொன்னாள். அம்மா கோபமே வராத மனுஷி. தெருக்குழாயில் அவள் குடத்தை நகர்த்திவிட்டு முன்னால் போனவர்களுக்கும் வழிவிட்டுச் சிரிப்பாள். அவள் கை எப்போதும் ஜில்லென்றிருக்கும், காய்ச்சல் அடித்தால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை அவளிடம்தான் தூக்கி வருவார்கள். அன்றைக்குத்தான் மெக்கானிக் முழுக் கதையும் தெரிந்துகொண்டாள். மாமாவுக்கு அப்போது ஒரு சின்ன அச்சகம். கல்யாணத்துக்கு முன் ஆறு வருஷம் அம்மா அதன் பின்னறையில், மை வாடைக்கு நடுவில், வெட்டித் தள்ளிய காகிதத் துண்டுகளில் பதினொரு புத்தகத்துக்குக் கதை சொல்லிப் படம் போட்டாள். பொம்பளைப் பேர் போட்டால் விற்காது என்று மாமா தன் பேரைப் போட்டார். விற்றது. பள்ளிக்கூடங்களில் மாமாவுக்கு மாலை போட்டார்கள். அம்மா கல்யாணமாகிப் போனபின் புதிதாக ஒன்றும் வரவில்லை, 'மேதைகள் ஓய்வெடுப்பார்கள்' என்று ஊர் சொல்லிக்கொண்டது. மூலப் படங்களை அம்மா கேட்டதற்கு, கரையான் தின்றுவிட்டது என்றார் மாமா. மீந்த பிரதிகளைப் பழைய பேப்பருக்குப் போட்டார்.

"உனக்குச் சூடு சொரணையே இல்லையாம்மா?" என்று மெக்கானிக் கத்தினாள்.

"விடுடி. கூடப் பிறந்த அண்ணன்தானே" என்று அம்மா பூண்டு உரித்தாள்.

மெக்கானிக் விடவில்லை. விடுகிற ஜாதகமே இல்லை அவளுக்கு. அம்மாவுக்கு வர வேண்டிய கோபமும் சேர்த்து அவளுக்கே வந்துவிட்டது என்று பஸ் ஓட்டும் அவள் புருஷன் சொல்வான். அந்த வருஷம்தான் மாமாவுக்குப் பெரிய பேர் வந்தது. 'பிள்ளைகளின் ஓவியர்' என்று பட்டம் கொடுத்து, பதினொரு புத்தகத்தையும் வழவழப்பான தாளில் ஒரே கட்டாக மறுபடி அச்சடிக்கவும், ஒரு மண்டபத்துக்கு அவர் பேரை வைக்கவும் ஏற்பாடு நடந்தது. ஆனால் மறுபதிப்புப் போட மாமா கையில் ஒரு பிரதிகூட இல்லை. எல்லாவற்றையும் எடைக்குப் போட்ட புண்ணியவான் அவர்தானே. 'பழைய பிரதிகள் வைத்திருப்போர் தொடர்புகொள்க, தக்க சன்மானம் உண்டு' என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். அவருடைய ஆட்கள் பழைய புத்தகக் கடைகளிலும் சேகரிப்பாளர்களின் வீடுகளிலும் ஏறி இறங்கினார்கள். அம்மா கையெழுத்தில்லாத, அம்மா பேரில்லாத அந்தப் புத்தகங்கள் ஒன்றுகூட அவர் கைக்குப் போகக் கூடாது என்று மெக்கானிக் முடிவு செய்தாள். அவை வந்தால் பொய் இன்னொரு ஐம்பது வருஷம் வழவழப்பாக உயிரோடு இருக்கும்.

மாமாவின் ஆட்கள் புத்தகத்தைத் தேடினார்கள். மெக்கானிக் குளிராத அறையைத் தேடினாள், வித்தியாசம் அவ்வளவுதான். எல்லாம் சரியாக இருந்தும் அறை குளிரவில்லை என்று யார் புகார் சொன்னாலும் மற்ற வேலையைப் போட்டுவிட்டு அங்கே போனாள். மேகத்தை மேய்ந்த ஆட்டின் கதை ஒரு வக்கீல் வீட்டில், சட்டப் புத்தகங்களுக்கு நடுவே, இரண்டு பக்கத்துப் புத்தகங்களையும் கருக்கிக்கொண்டு நின்றது. தன் நிழலை வாடகைக்கு விட்ட சிறுமியின் கதையைத் தையல்கார அம்மா ஒருத்தி இஸ்திரிப் பெட்டியாக வைத்திருந்தாள். மின்சாரம் மிச்சம் என்று தர மறுத்தவளுக்குப் புதுப் பெட்டி வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கோழிக்குஞ்சுகளின் புத்தகம் மேல் தட்டில் இருந்தது, அதன் பக்கத்தில் உண்மைக் கோழி ஒன்று நிம்மதியாக முட்டையிட்டு வந்தது. கடைக்காரர் கோழியை வைத்துக்கொண்டு புத்தகத்தைக் கொடுத்தார். நாலைந்து வருஷம் இப்படிப் போயிற்று. மறுபதிப்பு வருஷா வருஷம் தள்ளிப்போனது. மாமா தன் வீட்டில் 'எவனோ நமக்கு முன்னாடியே போயிடுறான்' என்று புலம்புவதாகச் செய்தி வந்தபோது, மெக்கானிக் அன்றைக்கு மட்டும் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

வீட்டில் வைத்தால் மெத்தை கருகியது. அதனால் மூடிப்போன ஒரு ஐஸ்கிரீம் கடையின் பெரிய ஃப்ரீஸர் பெட்டியைத் தன் பட்டறைக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு புத்தகத்தையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு அதற்குள் அடுக்கிப் பூட்டினாள். உள்ளே வைத்ததும் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த சத்தம் கேட்கும். பிறகு வாரக்கணக்கில் ஆறி, கடைசியில் மற்ற புத்தகங்களைப்போல் சாதுவாகிவிடும். இங்கேதான் அந்தத் தொழிலில் இருக்கும் ஒருத்தி செய்யவே கூடாத தப்பை மெக்கானிக் செய்தாள். ஏசியின் வெளிப்பெட்டியைத் துணி போட்டு மூடுகிற ஒவ்வொரு வீட்டாரிடமும் அவள் சொல்வது ஒரே பாடம்: 'குளிர்னு ஒண்ணு கிடையாதுங்க. சூட்டை இங்கேருந்து எடுத்து வேற எங்கேயாவது கொட்டுறதுதான் எங்க வேலை.' ஃப்ரீஸரின் பின்பக்கக் குழாய்களை அவள் தொட்டுப் பார்த்திருக்கிறாள், அவை சுடவில்லை. நல்ல பெட்டி என்று நினைத்துக்கொண்டாள். அந்தச் சூடெல்லாம் எங்கே போய்க் கொட்டுகிறது என்று அவள் ஒரு தரம்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

அம்மாவின் கைதான் முதலில் மாறியது. காய்ச்சல் பிள்ளையைத் தூக்கி வந்தவள், அம்மா தொட்டதும் பிள்ளை வீறிட்டதைப் பார்த்துத் திருப்பித் தூக்கிப் போனாள். பிறகு அம்மா பிடித்த டம்ளரில் காபி ஆறவே இல்லை. அவள் உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலி மெல்ல வளைந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தெருமுனை டாக்டர் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி, நெஞ்சில் காது வைத்துக் கேட்டுவிட்டு, இது காய்ச்சல் இல்லை, கோபம் என்றார். ரொம்ப நாள் பட்டது, மாத்திரை கிடையாது, காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும் என்று சொல்லி ஃபீஸ் வாங்கிக்கொண்டார். அந்த வாரமே தெருக்குழாயில் அம்மா தன் குடத்தைத் தொட்ட பெண்ணிடம், "எடுத்துப் பாரு, கையை ஒடிக்கிறேன்" என்றாள். வரிசை அப்படியே நின்றது. தண்ணீரும் ஒரு நிமிஷம் நின்றதாகச் சொல்கிறார்கள்.

மெக்கானிக் உள்ளூர மகிழ்ந்து போனாள். இத்தனை வருஷம் கழித்து அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது, அந்தக் கோபம் நேராக மாமா வீட்டு வாசலுக்குப் போகும் என்று எதிர்பார்த்தாள். அது முதலில் அவளுடைய பட்டறைக்குத்தான் வந்தது. அம்மா படியேறி வந்து, ஃப்ரீஸரின் பூட்டைக் கையால் பிடித்தாள், பூட்டு வெல்லப் பாகாக ஒழுகியது. மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள்.

"பத்து புஸ்தகம். எத்தனை வருஷமாடி இங்கே கிடக்கு?"

"உனக்காகத்தாம்மா. அவர் கையில சிக்கக் கூடாதுன்னு..."

"எனக்காகவா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? அவன் என் பேரை மறைச்சான். நீ என் படத்தையே மறைச்சுட்ட. ஒரு குழந்தை புரட்டிப் பார்க்காம, ஒரு குழந்தை கிழிக்காம, பொணத்தை வைக்கிற மாதிரி ஐஸ்ல அடுக்கி வச்சிருக்கே! அவனுக்கும் உனக்கும் என்னடி வித்தியாசம்? அவனாவது வித்தான்!"

மெக்கானிக் வாழ்நாளில் முதல்முறையாக அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். நியாயமாகத் திட்டினால் எவ்வளவு சுடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. புத்தகங்களை எடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்தாள். அழுகை வந்தது, அம்மா பக்கத்தில் நின்றதால் கண்ணுக்குள்ளேயே உலர்ந்துவிட்டது.

யாரிடம் புத்தகம் இருக்கிறது என்பது மாமாவுக்கு அந்தப் பூட்டின் கதை வழியாகத்தான் எட்டியது. மறுநாள் காலையிலேயே காரில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தலை, கையில் பழக்கூடை. பதினொன்றாவது புத்தகமும் அவர் கையில் இருந்தது, துணியில் சுற்றி. அந்த ஒன்று மட்டும் அவருக்குக் கிடைத்திருந்தது. "பாப்பா, எப்படி இருக்கே?" என்றார் வாசலிலேயே.

"பாப்பாவா? எனக்குப் பேரன் இருக்கான்" என்றாள் அம்மா.

மாமா சிரித்துவிட்டு உட்கார்ந்தார். வயசாகிவிட்டது, சாவதற்குள் இந்தப் புத்தகங்களைப் பிள்ளைகள் கையில் பார்க்க வேண்டும், அதற்குக் குடும்பமே குறுக்கே நிற்கலாமா என்று கேட்டார். அவர் குரலில் உண்மையான வருத்தமும் இருந்தது. நாற்பது வருஷம் மாலை வாங்கியதில், அந்த முதலையைத் தான்தான் வரைந்ததாக அவரே பாதி நம்பியிருக்கலாம். "உன்னை மறந்துடுவேனா? உள்பக்கத்துல கீழே சின்னதா உன் பேரு போட்டுடலாம். 'உதவி'ன்னு."

அறையிலிருந்த மெழுகுவத்தி தானாகச் சாய்ந்தது. கூடையிலிருந்த ஆப்பிள்கள் ஒவ்வொன்றாகத் தோல் சுருங்கி வெந்தன.

"உதவியா?" என்றாள் அம்மா. "பின்னறையில ஆறு வருஷம் கண்ணு பூத்துப்போக நான் போட்டது உனக்கு உதவி! ஒத்தாசைக்கு வந்த வேலைக்காரி நான், அப்படித்தானே? கரையான் தின்னுச்சுன்னு சொன்னியே, அந்தக் கரையான் இப்போ வெள்ளைச் சட்டை போட்டுட்டு என் நாற்காலியில உட்கார்ந்திருக்கு. நான் செத்தப்புறம் கேக்கறதுக்கு ஆள் இருக்காதுன்னு இத்தனை நாள் காத்திருந்தியா? நான் சாகலை பாரு. எழுந்திரு! என் வீட்டு நாற்காலியை விட்டு எழுந்திரு!"

மாமா எழுந்தார். தங்கையின் குரல் இவ்வளவு பெரிதென்று அவருக்கு அன்றுவரை தெரியாது. அம்மா அவர் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கி, துணியை உதறி, அட்டையில் அவர் பேரின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். காகிதம் கருகவில்லை. எழுத்துகள் மட்டும் இளகி, கறுப்பாக வழிந்து, ஓரத்தில் சொட்டித் தரையில் விழுந்தன. மெக்கானிக் தரைத்துணியை எடுத்து வந்து துடைத்துவிட்டாள்.

அந்த நேரத்திலேயே மற்ற பத்துப் பிரதிகளிலிருந்தும், எங்கெங்கோ பரண்களிலும் கட்டிலுக்கடியிலும் கிடந்த பிரதிகளிலிருந்தும் அவர் பேர் வழிந்து போயிற்று. மண்டபத்துக் கல்வெட்டு வழவழவென்று ஆயிற்று. அவருடைய வீட்டு வாசல் பலகை, மின்சார ரசீது, பட்டமளித்த வெள்ளித் தட்டு, மூக்குக்கண்ணாடிக் கூட்டின் உள்பக்கம் எல்லாம் வெறுமையாகின. வங்கியில் கொஞ்ச நாள் சிரமப்பட்டார்கள், பிறகு கட்டை விரலை வைத்துச் சமாளித்தார்கள். அவரைக் கூப்பிட வாயெடுத்தவர்களுக்குச் சொல் வரவில்லை, அதனால் கையைத் தட்டிக் கூப்பிடப் பழகிக்கொண்டார்கள். புத்தகங்களை வேறொரு பதிப்பகம் அம்மாவின் பேரோடு கொண்டுவந்தது. அவை இப்போதும் வெதுவெதுப்பாக இருக்கின்றன, பிள்ளைகள் கிழிக்கிறார்கள், கிறுக்குகிறார்கள், பால் கொட்டுகிறார்கள். மெக்கானிக் பழைய பதினொன்றையும் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வைத்துவிட்டு வந்தாள். ஏதாவதொன்றின் அட்டை பிய்ந்ததாகச் செய்தி வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருக்கக் கற்றுக்கொண்டாள். அம்மாவின் சூடு மட்டும் குறையவில்லை. ஆறிவிடும் என்று சொன்னவர்களிடம், ஆற வேண்டிய அவசியம் என்ன என்று கேட்டாள்.

மாமா மாதம் ஒருமுறை தங்கையைப் பார்க்க வருகிறார். கார் இல்லை, பஸ்ஸில் வருகிறார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவைத் தட்டுவார்.

"யாரு?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்பாள்.

அவருக்குச் சொல்லப் பேர் கிடையாது. "நான்தான்" என்பார்.

"நான்தான்னா யாரு?"

தெருவில் போகிறவர்கள் யாரும் நின்று பார்ப்பதில்லை, எல்லோருக்கும் பழகிவிட்டது. அடுத்த வீட்டுக்கும் கேட்கும்படி அவர் சொல்வார்: "அந்தப் படமெல்லாம் போட்டவளோட அண்ணன்."

அம்மா தாழ்ப்பாளை நீக்குவாள்.